பழைய கார்டு, புதிய பதிப்பு: நெல்லைப் பக்கத்து வீடியோ எடிட்டர்களின் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டை தொடங்கி அம்பை, தென்காசி, வள்ளியூர், திசையன்விளை வரை கல்யாண வீடியோவும் கோயில் கொடை (ஊர்த் திருவிழா) வீடியோவும் எடிட் செய்கிற நண்பர்கள் கொஞ்ச காலமாக ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். எடிட்டிங் மென்பொருளை அப்டேட் செய்ததும், இதுவரை கிராபிக்ஸ் கார்டை வைத்து ரெண்டர் போட்ட (எடிட் செய்ததைக் கணக்கிட்டு முழு வீடியோவாக்கிய) பழைய வழி பட்டியலிலேயே இல்லை, அல்லது தொட முடியாதபடி மங்கிக் கிடக்கிறது. மிச்சம் இருப்பது 'சாஃப்ட்வேர் ஒன்லி' மட்டும், அதாவது ப்ராசஸரை மட்டும் நம்பி ஓடுகிற வழி. கார்டு போய்விட்டதா? புதிதாக வாங்க வேண்டுமா? பாதியில் நிற்கிற வேலை என்னாகும்? பெரும்பாலும் பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் என்ற இரண்டு எடிட்டிங் மென்பொருள்களையும் வைத்துத்தான் சொல்கிறேன். எடியஸ் என்ற மென்பொருள் வைத்திருக்கிறவர்களுக்குக் கீழே தனியாக ஒரு பதில் இருக்கிறது.

'பழைய ரெண்டரிங் வழி' என்று எதைச் சொல்கிறோம்?

கலர் போடுவது, காட்சியைப் பெரிதாக்குவது, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றுவது போன்ற கணக்குகளை ப்ராசஸரிடம் விடாமல் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்தால் பல மடங்கு வேகமாக முடியும். அதற்கு மென்பொருளும் கார்டும் பேசிக்கொள்ள ஒரு வழி வேண்டும். கார்டு செய்கிற நிறுவனமான என்விடியா 2007-ல் கொண்டுவந்த வழி குடா; அது அவர்கள் கார்டில் மட்டும் ஓடும். எல்லா நிறுவனத்துக் கார்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று ஆப்பிள் தொடங்கி, குரோனோஸ் அமைப்பு 2008 டிசம்பரில் வெளியிட்டது ஓப்பன்சிஎல். பிறகு ஆப்பிளே தனக்கென்று மெட்டல் என்ற வழியைப் போட்டுக்கொண்டது. 2014-ல் ஐபோனுக்கும் 2015-ல் மேக்குக்கும் அது வந்தது.

பிரீமியரில் இது 2010-ல், சிஎஸ்5 பதிப்பில், மெர்க்குரி பிளேபேக் என்ஜின் என்ற பெயரில் நுழைந்தது. அப்போது குடா மட்டும்தான், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கார்டுகளுக்குத்தான். பட்டியலில் இல்லாத கார்டு வைத்திருந்தவர்கள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து, தங்கள் கார்டின் பெயரையும் எழுதிச் சேர்த்து ஓட்டினார்கள். 2012-ல் சிஎஸ்6 வந்தபோது சில மேக்புக் புரோக்களுக்கு ஓப்பன்சிஎல் சேர்ந்தது. இப்போது மேக் பிரீமியரில் கார்டுக்கென்று மெட்டல் ஒன்றுதான். விண்டோஸில் என்விடியாவுக்குக் குடா, மற்றவற்றுக்கு ஓப்பன்சிஎல்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் கைவிடுகிறார்கள்?

ஒவ்வொரு எஃபெக்டையும் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதியதைப் பல கார்டுகளில், பல டிரைவர்களில் (கார்டை இயக்கும் சிறு மென்பொருள்) சோதிக்கவும் வேண்டும். வழி மூன்று என்றால் வேலையும் மூன்று மடங்கு. அடியில் இருக்கிறவர்கள் கைவிட்டுவிட்டால் மேலே இருக்கிற மென்பொருளால் தாங்க முடியாது. 2018-ல் மொஜாவே என்ற மேக்ஓஎஸ் பதிப்பு வந்தபோது ஓப்பன்சிஎல்லை இனி வளர்க்கப்போவதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. மேக்குக்கான கடைசி குடா 2019-ல் வந்த 10.2. ஏஎம்டி கார்டுகளுக்குப் புது வழி வந்ததும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் தன் சைக்கிள்ஸ் ரெண்டரரிலிருந்து ஓப்பன்சிஎல்லை 2021-ல், 3.0 பதிப்பில், நீக்கிவிட்டது.

காரணம் நியாயமானதுதான். ஆனால் அதைச் சொல்கிற விதம் நியாயமாக இல்லை. மாற்றக் குறிப்பின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் பெரிய ஸ்டுடியோவுக்குப் போதும். அதைப் படிக்க அங்கே ஆள் இருக்கும். படம்பிடிப்பதும் எடிட் செய்வதும் ஆல்பம் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒரே ஆளாக இருக்கிற நம் ஊர்க் கடையில் அதை யார் படிப்பது? 'உங்கள் கார்டு இந்தப் பதிப்பில் வேலை செய்யாது' என்று அப்டேட் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே காட்ட வேண்டும். மென்பொருளுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறவர்களுக்கு இதைக் கேட்கிற உரிமை உண்டு.

அண்ணாச்சி, நான் மேக்கே வைத்திருக்கவில்லை. விண்டோஸில் குடாதான் இருந்தது. இப்போது அதைக் காணோமே?

நம் பக்கம் அதிகம் நடப்பது இதுதான். விண்டோஸில் குடாவை யாரும் நீக்கவில்லை. உங்கள் கார்டுக்கு வருகிற டிரைவர் ஓரிடத்தில் நின்றுவிட்டது, மென்பொருள் கேட்கிற டிரைவர் அதைத் தாண்டிப் போய்விட்டது. கார்டு, டிரைவர், மென்பொருள் மூன்றும் கைகோத்தால்தான் அந்த வழி பட்டியலில் தெரியும்.

ஜிஃபோர்ஸ் 600, 700 வரிசைக் கார்டுகள் பெரும்பாலும் கெப்ளர் வகை. அவற்றுக்கான கடைசி டிரைவர் வரிசை 470. 2021 அக்டோபரிலேயே புதிய டிரைவர் வருவது நின்றுவிட்டது; 2024 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வந்தது. 2022 டிசம்பரில் வந்த குடா 12 கெப்ளரை முழுதாக விட்டுவிட்டது. ஜிடிஎக்ஸ் 750, 750 டிஐ இரண்டும் 700 என்று பெயர் வைத்திருந்தாலும் மேக்ஸ்வெல் வகை, அவை அப்போது பிழைத்துக்கொண்டன.

அடுத்து வருவதுதான் நம்மில் பலரைத் தொடும். ஜிடிஎக்ஸ் 900 வரிசையான மேக்ஸ்வெல்லுக்கும், 1050 டிஐ, 1060, 1080 எல்லாம் அடங்கிய பாஸ்கலுக்கும் 580-தான் கடைசி டிரைவர் வரிசை. வழக்கமான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது. 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. குடா 13-லும் இவற்றுக்கு இடம் இல்லை. நான் போய்ப் பார்க்கிற ஸ்டுடியோக்களில் 1050 டிஐ, 1060 இன்னும் நிறைய ஓடுகின்றன. அவை இன்றே நின்றுவிடாது, ஆனால் எந்தப் பெரிய பதிப்பும் இவற்றை விட்டுப்போகலாம் என்று இப்போதே திட்டமிடுங்கள்.

ஏஎம்டி பக்கம் எச்டி 7000, ஆர்9 200, 300 வரிசைகளுக்கு 2021 ஜூனிலேயே புது டிரைவர் நின்றுவிட்டது.

அப்படியென்றால் கார்டு வீணா?

இல்லை. நேற்று ஓடிய பதிப்பில் நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.

பாதி முடிந்த கல்யாண வேலை இருக்கிறது. புதிய பதிப்பில் திறக்கலாமா?

திறக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். தொடங்கிய வேலையைத் தொடங்கிய பதிப்பிலேயே முடிக்க வேண்டும்.

பிரீமியர் புராஜெக்டைப் புதிய பதிப்பில் திறந்து மாற்றிவிட்டால் பழைய பதிப்பு அதைத் திறக்காது. மாற்றும்போது வேறு பெயரில் சேமிக்கச் சொல்லிக் கேட்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டுப் பழைய ஃபைலின் மேலேயே எழுதிவிடக் கூடாது. ரிசால்வில் இது இன்னும் கடுமை. அங்கே எல்லா வேலையும் ஒரே புராஜெக்ட் லைப்ரரியில் இருக்கும். புதிய பதிப்பு அந்த லைப்ரரியை மேம்படுத்தக் கேட்கும். சரி என்று சொல்லிவிட்டால் பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. அதனால் அப்டேட் போடுவதற்கு முன்பே லைப்ரரியை பேக்கப் எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள்.

பிரீமியரின் இரண்டு பெரிய பதிப்புகள் ஒரே கணினியில் சேர்ந்து இருக்கலாம். பிரீமியரைத் தருகிற அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் செயலியில் அப்டேட் கொடுக்கும்போது 'பழைய பதிப்பை நீக்கு' என்ற பெட்டி டிக் ஆகியிருக்கும். தேடிப்பிடித்து அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்திவிடுங்கள். அடோபி பதிவிறக்கத்துக்குத் தருவது தற்போதைய பெரிய பதிப்பும் அதற்கு முந்தையதும் மட்டும்தான். ஆகவே இன்று அழித்ததை இரண்டு வருடம் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று நம்ப முடியாது. ரிசால்வில் புதியது ஏறினால் பழையது போய்விடும். ஆனால் ரிசால்வைத் தயாரிக்கிற பிளாக்மேஜிக்கின் தளத்தில் பழைய பதிப்புகள் கிடைக்கும். உங்கள் கார்டோடு நன்றாக ஓடுகிற பதிப்பின் இன்ஸ்டாலரை ஒரு பென் டிரைவில் போட்டு, டிரைவரின் இன்ஸ்டாலரையும் அதே டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்டேட் போட நல்ல நேரம் எது?

வெளி மாவட்டத்துக்காரர்கள் ஆடியில் கல்யாணம் இல்லை, அப்போது போடுங்கள் என்பார்கள். நம் பக்கத்துக்கு அது ஒத்துவராது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் வேலை இருக்கும், சங்கரன்கோவில் ஆடித்தபசு இருக்கும், ஊர் ஊராகச் சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடை இருக்கும். கொடை வீடியோ என்றால் சும்மா இல்லை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை என்று இரவு முழுக்க எடுத்தது நாலைந்து மெமரி கார்டில் வந்து குவியும். புரட்டாசியில் முகூர்த்தம் குறைந்தாலும் குலசேகரன்பட்டினம் தசரா குழுக்கள் வந்து நிற்பார்கள். பங்குனி, சித்திரையில் மறுபடியும் கொடை.

பார்த்தால் மார்கழிதான் மிச்சம். மாதம் முழுக்க முகூர்த்தம் இல்லை. மார்கழி பிறந்த முதல் வாரத்தில் போட்டுவிட வேண்டும். தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது போட்டால், எதாவது சிக்கல் வந்தால் சரிசெய்ய நேரம் இருக்காது. சர்ச் கல்யாணம் அதிகம் எடுக்கிற பாளையங்கோட்டைக்காரர்களுக்கு லெந்து நாட்களும், மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் நிக்காஹ் வேலை செய்கிறவர்களுக்கு ரமலான் மாதமும் தோதாக இருக்கும்.

போட்டதும் புதிய வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். முடித்துக் கொடுத்துவிட்ட பழைய வேலை ஒன்றின் நகலைத் திறந்து, வழக்கமாகப் பயன்படுத்துகிற கலர், டைட்டில், டெம்பிளேட், பிளக்-இன் எல்லாம் இருக்கிற ஒரு துண்டை ரெண்டர் போட்டுப் பாருங்கள். பழைய ரெண்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். பிளக்-இன்கள்தான் முதலில் முரண்டு பிடிக்கும், ஏனென்றால் பல பிளக்-இன்கள் கார்டோடு தாங்களே தனியாகப் பேசுகின்றன.

'சாஃப்ட்வேர் ஒன்லி'யிலேயே காலத்தை ஓட்டலாமா?

வெறும் கட்டிங்கும் ஒன்றிரண்டு டிசால்வும் போதும் என்கிற முழுநீள வீடியோவுக்கு ஓட்டலாம். ஹைலைட்ஸ், டீசர் என்று கலரும் ஸ்லோமோஷனும் அடுக்குகிற வேலைக்குத் தாங்காது.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, படத்திலேயே வித்தியாசம் வரும். பிரீமியரின் சீக்வென்ஸ் செட்டிங்கில் 'காம்போசிட் இன் லீனியர் கலர்' என்று ஒன்று உண்டு. அது கார்டு வேலை செய்யும்போதோ, 'மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டி' போட்டிருக்கும்போதோதான் செயல்படும். ஆகவே அதே டிசால்வ் கார்டில் ஒரு வெளிச்சமாகவும் சாஃப்ட்வேரில் வேறு வெளிச்சமாகவும் தெரியலாம். காட்சியைச் சிறிதாக்கும்போது வரும் கூர்மையும் மாறும். முகூர்த்தத்தை ஒரு வழியிலும் ரிசப்ஷனை இன்னொரு வழியிலும் ரெண்டர் போட்டு ஒட்டாதீர்கள்.

இரண்டாவது, சூடு. மணிக்கணக்கில் ப்ராசஸர் நூறு சதவீதத்தில் ஓடும். பாளையங்கோட்டை அக்கினி நட்சத்திர வெயிலில், ஏசி இல்லாத அறையில், தூசி அடைத்த ஃபேனோடு ஓடுகிற ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரெண்டர் இன்னும் நீளும். ஃபேனைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே நல்ல வித்தியாசம் தெரியும். அப்புறம், யுபிஎஸ் இல்லாமல் இரவு ரெண்டர் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள்.

ரிசால்வில் இந்த ஒதுங்குமிடமே கிடையாது. அது கார்டை நம்பியே கட்டப்பட்டது. கார்டு ஒத்துவரவில்லை என்றால் 'அன்சப்போர்ட்டட் ஜிபியு பிராசஸிங் மோட்' என்று எச்சரிக்கும். பிரிஃபரென்ஸில் மெமரி அண்ட் ஜிபியு பக்கம் போய், ஆட்டோவை எடுத்துவிட்டுக் குடாவோ ஓப்பன்சிஎல்லோ எது வருகிறது என்று பாருங்கள். இரண்டும் வரவில்லை என்றால் பழைய பதிப்புக்குப் போவதுதான் வழி.

டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. இதுவும் கார்டை விட்டுவிட்டதால்தானே?

பெரும்பாலும் இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் நம் ஆட்கள் நிறையப் பணத்தை விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கேமராவில் பதிவான வீடியோ சுருட்டப்பட்டு இருக்கும். அதை விரிப்பது, அதாவது டிகோட், தனி வேலை. விரித்த படத்துக்குக் கலர் போடுவது வேறு வேலை. குடாவும் ஓப்பன்சிஎல்லும் இரண்டாவதற்குத்தான். விரிப்பதற்குக் கார்டுக்குள்ளேயே தனிப் பகுதி உண்டு. இன்டெல் ப்ராசஸரில் 2011 முதல் இருக்கிற குயிக் சிங்க்கும் அந்த வேலைக்குத்தான்.

2020-ல் வந்த சோனி ஏ7எஸ் 3, 2021-ல் வந்த ஏ7 4 போன்ற கேமராக்கள் வந்த பிறகு கல்யாண வேலையில் ஹெச்.265, 10-பிட், 4:2:2 பதிவு (அதிகம் சுருட்டி, நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கும் முறை) சகஜமாகிவிட்டது. கலர் செய்ய அருமையாக இருக்கும். ஆனால் என்விடியா கார்டுகளில் 4:2:2-ஐ விரிக்கிற வசதி 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் முதன்முதலாக வந்தது. அதற்கு முன்பு வந்த எந்த ஜிஃபோர்ஸும், லட்சத்துக்கு மேல் விலை போன 4090 உட்பட, அதைச் செய்யாது. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே குயிக் சிங்க் இந்த ஹெச்.265 4:2:2-ஐ விரித்துவிடும். கார்டுக்குப் பெரும்பணம் போட்டும் டைம்லைன் திக்குகிறது என்று ஒருவர் வருத்தப்பட்டால், நான் முதலில் கேட்பது கேமராவில் என்ன செட்டிங் என்றுதான்.

சோதிப்பது சுலபம். டைம்லைனை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைப் பாருங்கள். 'வீடியோ டிகோட்' வரைபடம் தரையில் கிடக்க, ப்ராசஸர் மட்டும் நூறைத் தொட்டால், விரிக்கிற சுமை முழுக்க ப்ராசஸர் தலையில் இருக்கிறது என்று அர்த்தம். ஆர்டிஎக்ஸ் 50-க்கு முந்தைய என்விடியா கார்டு எதை மாற்றி மாட்டினாலும் இதற்குப் பயனில்லை. பிராக்ஸி போடுங்கள், அதாவது எடிட் செய்ய மட்டும் அசல் ஃபைலுக்குப் பதிலாக லேசான நகல். இரவில் பிராக்ஸி உருவாக்க விட்டுவிட்டால் காலையில் பழைய 1050 டிஐ-யிலும் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். கடைசியில் எக்ஸ்போர்ட் மட்டும் அசல் ஃபைலிலிருந்து போகும். கார்டு வாங்குவதற்கு முன் எல்லோரும் ஒரு மாதமாவது பிராக்ஸியில் வேலை செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எடியஸ் வைத்திருக்கிறேன். எனக்கு இந்தப் பிரச்சினை உண்டா?

இந்த வடிவில் இல்லை. எடியஸின் டைம்லைன் பெரும்பாலும் ப்ராசஸரை நம்பி ஓடுகிறது, ஹெச்.264 வேலைக்கு குயிக் சிங்க்கைப் பயன்படுத்தும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. புதுக் கணினி வாங்கும்போது, விலை குறைவு என்று பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கிற இன்டெல் ப்ராசஸரைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே குயிக் சிங்க்கும் கிடையாது. எடியஸ்காரர் அதை வாங்கவே கூடாது. இன்னொன்று, தனி கார்டு மாட்டியதும் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய்த் திரும்ப எழுப்ப வேண்டும்.

பழைய ஐமேக் இருக்கிறது. ஏதாவது செய்யலாமா?

2012, 2013 காலத்து என்விடியா ஐமேக் என்றால் மெட்டல் ஓடும், ஆனால் ஆப்பிள் அதற்குத் தந்த மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பு வரைதான். பின்னால் வந்த மான்டெரே பதிப்பில் அந்தக் கார்டுகளுக்கான டிரைவரையே ஆப்பிள் எடுத்துவிட்டது. இருக்கிற மேக்ஓஎஸ், இருக்கிற பிரீமியர் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாம் கணினியாகப் பயன்படுத்துங்கள். அதற்குமேல் அதில் பணம் போட வேண்டாம்.

கார்டு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் கணினியைப் பாருங்கள். நாலாம் தலைமுறை ப்ராசஸரில் புதுக் கார்டு மாட்டுவது வண்டிமாட்டுக்குப் பந்தயக் குதிரையை இணை கட்டுவது போல. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பொதுவாக ஏற்காது. அந்த நிலையில் இருந்தால் கார்டுக்கான காசைச் சேர்த்து வைத்து முழுக் கணினியாக மாற்றுங்கள்.

கணினி நன்றாக இருந்தால், ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதல் மேலே எதுவும் இப்போதைக்குப் பாதுகாப்பு. 4கே வேலைக்கு 6 ஜிபி மெமரிக்குக் கீழே போகாதீர்கள். 8 ஜிபி நிம்மதி. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேபினெட்டோடு சேர்ந்து வந்த மலிவு எஸ்எம்பிஎஸ் புதுக் கார்டோடு சேர்ந்து மதர்போர்டையும் கொண்டுபோய்விடும்.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ செகண்ட்ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை, சோதித்து வாங்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கார்டு வைத்து அதை உண்டாக்கும் மைனிங் நின்றபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு மொத்தமாக வந்தன. அதைவிட மோசம், பழைய கார்டுக்குள் இருக்கும் பயோஸ் நிரலை மாற்றி 1050 டிஐ என்று பெயர் காட்டவைத்து விற்பது. ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் பார்த்தால் போலிக்கு எச்சரிக்கை காட்டும். குடா, ஓப்பன்சிஎல் டிக் இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். காசு கொடுக்கும் முன் அந்தத் திரையைக் கேட்டு வாங்குங்கள்.

நான் எதையும் தொடவில்லை, ஆனாலும் ஒருநாள் காலையில் மாறியிருந்தது. எப்படி?

விண்டோஸ் அப்டேட் தானாக வேறு டிரைவரைப் போட்டிருக்கும். பென் டிரைவில் இருக்கிற பழைய டிரைவரை 'கிளீன் இன்ஸ்டால்' ஆகப் போடுங்கள். என்விடியாவில் கேம் ரெடி டிரைவரைவிட ஸ்டுடியோ டிரைவர் நமக்கு நல்லது. அவசரமாக மாறிக்கொண்டே இருக்காது.

பழைய கொடை வீடியோ புராஜெக்ட்கள் நிறைய இருக்கின்றன. அவை பிற்காலத்தில் திறக்குமா?

திறக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். பழைய பதிப்பு, பழைய பிளக்-இன், பழைய கோடெக், பழைய கார்டு நாலும் சேர்ந்தால்தான் அந்த புராஜெக்ட் உயிரோடு இருக்கும். அதில் ஒன்று போனாலும் எஃபெக்ட் காணாமல் போகலாம், அல்லது திரையில் 'மீடியா ஆஃப்லைன்' என்று வரலாம்.

நாம் எடுத்து வைத்திருப்பது வெறும் விழா வீடியோ இல்லை. வில்லுப்பாட்டில் ஒரு ஊரின் சாமி கதையை முழுதாகப் பாடத் தெரிந்த புலவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கணியான் கூத்தில் மகுடம் அடிக்கிற கை குறைந்துகொண்டே வருகிறது. விடிய விடிய ஒரே கேமராவில் எடுத்த அந்தப் பதிவு சில ஊர்களில் ஒரே பிரதியாக நம் கடை டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பத்து வருடம் கழித்து வந்து கேட்பார்கள், கேட்கும்போது கொடுக்க முடிய வேண்டும்.

ஆகவே இப்போது உங்கள் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, முக்கியமான புராஜெக்ட்களைத் திறந்து மாஸ்டர் (முழுத் தரத்தில் முடிந்த வீடியோ) எடுத்துவிடுங்கள். இடம் இருந்தால் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற தரமான, பெரிய ஃபைல் வடிவம். இல்லையென்றால் உயர்ந்த பிட்ரேட்டில் ஹெச்.264. எடியஸ்காரர்கள் கேனோபஸ் ஹெச்க்யூ ஏவிஐ ஆகச் சேர்த்து வைத்திருப்பதையும் இதே மாதிரி மாற்றிவிடுங்கள். மியூசிக் போட்டு வெட்டிய பிரதியோடு, வில்லுப்பாட்டு முழுதாக, வெட்டாமல், அசல் சத்தத்தோடு ஒரு பிரதியும் எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு டிஸ்க்கில் போட்டு, ஒரு டிஸ்க்கைக் கடையிலும் இன்னொன்றை வீட்டிலும் வையுங்கள். ஃபைல் பெயரில் ஊர், கோயில், வருடம், பாடியவர் பெயர் நான்கும் இருக்கட்டும்.